அனேக் தமிழ் எழுத்துரு: ஒரு நகைக்கடைத் தளத்தில் பாவித்துப் பார்த்த பிறகு

“எங்களைத் தொடர்புகொள்ள” என்பதை ஒரு சின்னப் பட்டனுக்குள் அடைக்கப் பார்த்து அலுத்துப்போனவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொழும்பில் ஒரு கடைக்கு இணையத்தளம் செய்யப் போனால் அநேகமாக மூன்று மொழியும் கேட்பார்கள். ஆங்கிலத்தில் ‘கொன்டக்ட்’ என்ற ஒரு சொல்லோடு காரியம் முடிந்துவிடும், சிங்களத்தில் ‘அப அமதன்ன’, அதுவும் கட்டைதான். தமிழுக்கு வந்ததும் பட்டன் இரண்டு வரியாக உடைந்து, பக்கத்தில் இருக்கிற படத்தையும் இடித்துக்கொண்டு நிற்கும். உடனே முதலாளி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, “தம்பி, தமிழ் மட்டும் ஏன் இப்பிடி?” என்று கேட்பார். இவ்வளவு காலமும் நான் செய்த வைத்தியம் எழுத்தைச் சின்னதாக்குவது. அதாவது தமிழில் வாசிக்கிறவருக்கு மட்டும் குட்டி எழுத்து! இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையின் தளத்துக்குத்தான் அனேக் தமிழை முதன்முதலாகப் போட்டுப் பார்த்தேன். மும்பையில் இருக்கும் ஏக் டைப் என்ற எழுத்துருக் குழு செய்தது, 2022இல் கூகிள் ஃபொன்ட்ஸில் வந்தது. நாம் அநேகம் என்கிறோமே, அதே சொல்தான் பெயர். ஒன்பது இந்திய எழுத்துமுறைகளும் லத்தீனும் ஒரே குடும்பமாக வருகின்றன. திறந்த உரிமம், வியாபாரத் தளத்துக்கும் காசு கட்டத் தேவையில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது அதுவல்ல. தடிப்பு 100இலிருந்து 800 வரை மாறும், அது பல எழுத்துருக்களிலும் உண்டு. இதில் அகலமும் 75இலிருந்து 125 வரை மாறுகிறது. எழுத்தின் உயரத்தில் கை வைக்காமல் உடம்பை மட்டும் ஒடுக்கலாம். 360 பிக்சல் அகலமான போனில் அகலத்தை 85க்கு இறக்கினேன், “எங்களைத் தொடர்புகொள்ள” ஒரே வரியில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒன்று கவனியுங்கள், கூகிள் தரும் இணைப்பில் தடிப்போடு அகலத்தின் வீச்சையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நான் கேட்காமல் விட்டுவிட்டு, அகலத்தை மாற்றும் ஃபொன்ட்-ஸ்ட்ரெச் என்ற கட்டளை ஏன் வேலை செய்யவில்லை என்று அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

விரிக்கவும் முடிவது இன்னொரு விதத்தில் உதவியது. ஆங்கிலத் தலைப்பைக் கெப்பிட்டல் எழுத்தில் பார்த்த முதலாளி, தமிழிலும் அப்படிச் செய்யச் சொன்னார். தமிழில் ஏது பெரிய எழுத்து? தலைப்பை 118க்கு விரித்து, தடிப்பை 600இல் வைத்துக் காட்டினேன். “ஆ, இதைத்தான் சொன்னனான்” என்றார்.

சரி, சறுக்கின இடமும் இருக்கிறது. மெனுவில் “மணமகள் நகைகள்” என்று ஒரு பகுதி. இடம் போதவில்லை என்று அகலத்தைக் கடைசி மட்டுக்கு, 75க்கு இறக்கி, கண்ணில் படட்டும் என்று தடிப்பை 800க்கு ஏற்றி, அளவை 13 பிக்சலில் விட்டேன். மறுநாள் காலை கோல். “தம்பி, என்ன மனமகள் எண்டு போட்டிருக்கிறீங்கள்? மூண்டு சுழியெல்லோ வரவேணும்?” போய்ப் பார்த்தால் நான் போட்டது மூன்று சுழி ண தான், ஆனால் அந்த நெருக்கத்தில் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, கண்ணுக்கு இரண்டு சுழி ன போலத்தான் தெரிகிறது. எழுத்துருவைக் குறை சொல்ல மாட்டேன், மூன்று முனையையும் ஒரேயடியாக இழுத்தது நான். ஒடுக்கினால் தடிக்கக் கூடாது, தடித்தால் சின்னதாக்கக் கூடாது. இப்போது மெனு 88 அகலம், 500 தடிப்பு, 15 பிக்சல்.

அந்தக் கடையின் விவரங்கள் எல்லாம் வழக்கம்போலப் பாமினியில்தான் வந்தன, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய எழுத்துரு அது. பழைய விளம்பரத் துண்டிலிருந்து எடுத்து ஒட்டினால் அம்மா என்று வரவேண்டிய இடத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச். எந்த நல்ல எழுத்துருவும் இதைத் திருத்தாது. இன்றைய பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு வரியாக வாசித்துத்தான் ஆகவேண்டும்.

இலங்கையில் வேலை செய்கிறவருக்குப் பெரிய குறை, அந்தக் குடும்பத்தில் சிங்களம் இல்லை. நான் கூகிளின் நோட்டோ எழுத்துருக் குடும்பத்திலிருந்து நோட்டோ சான்ஸ் சிங்களத்தைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே அளவில் நின்றாலும் ஒன்று பெரிதாகவும் மற்றது சின்னதாகவும் தெரிந்தது. ஒரு எழுத்துருவை மட்டும் பெருக்கவோ சுருக்கவோ உதவும் சைஸ்-அட்ஜஸ்ட் போட்டு, கண் அளவாகத் தட்டிக் கொட்டிச் சரிசெய்தேன். நோட்டோவில் தமிழும் இருக்கிறதே, அதுவும் ஒடுங்குமே என்று கேட்பீர்கள். ஒடுங்கும், விரியாது. பார்க்க அரச படிவம் போலவும் இருக்கும், படிவம் செய்கிறவருக்கு அது நல்லதுதான். மூன்று மொழியும் ஒரே நிறையில் நிற்க வேண்டிய திணைக்களத் தளம் என்றால் நான் யோசிக்காமல் நோட்டோவையே எடுப்பேன். கடை, சாப்பாட்டுக்கடை, கலியாண மண்டபம் என்றால் அனேக்.

சாய்வெழுத்து இதில் கிடையாது. கேட்டால் பிரவுசர் தானாகச் சாய்த்துத் தரும், அதைப் பார்க்காமல் இருப்பது நல்லது. பிரவுசரின் அந்த வேலைக்குப் பெயர் ஃபொன்ட்-சிந்தெசிஸ், அதை நிறுத்திவிடுங்கள். இணையம் மெதுவான போனில் முதலில் போனின் சொந்தத் தமிழ் எழுத்து தெரிந்து, அப்புறம் அனேக் வந்து விழும்போது வரிகள் ஒரு துள்ளுத் துள்ளும். ஒடுக்கிய பட்டன்களில் இது நன்றாகவே தெரிகிறது, இன்னும் முழுதாகச் சமாளிக்கவில்லை. வரி இடைவெளியை 1.6க்குக் கீழே இறக்க வேண்டாம், ஆங்கிலத்துக்குப் போட்ட 1.3ஐ அப்படியே விட்டால் மேல்வரியின் ‘ழு’ கீழ்வரியின் ‘டீ’யில் போய் முட்டப் பார்க்கும்.

எழுத்துரு இலவசம் என்பதை வாய் தவறி முதலாளியிடம் சொல்லிவிட்டேன். “அப்ப எழுத்துக்கெண்டு பில்லில ஏன் காசு போட்டிருக்கிறீங்கள்?” என்றார். பழைய மெனுவின் ஸ்கிரீன்ஷொட்டைத் திரும்ப அனுப்பி, மனமகள் இருந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டேன். அன்று பின்னேரம் காசு வந்தது.