நூலகம் தளத்தின் நினைவு மலர்கள்: ஊருக்கு உழைத்த கமக்காரர்களின் வாழ்வைப் படிக்க ஓர் இடம்

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, அங்கேயே தோட்டம் செய்து, பிள்ளைகளை ஆளாக்கி, ஊர்க் காரியங்களில் முன்னின்று, தொண்ணூறு வயதைக் கடந்து மறைந்த ஒருவரைப் பற்றி எழுத்தில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒன்றுதான். அது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்து மதிய உணவுக்குப் பின் உறவினருக்கும் ஊரவருக்கும் கையளிக்கப்படும் நினைவு மலர். ஊரில் இன்றும் பலர் அதைக் கல்வெட்டு என்றே சொல்வார்கள். சில வீடுகளில் அது சுவாமி அறையில் பத்திரமாக இருக்கும். வேறு சில வீடுகளில் ஓரிரு ஆண்டுகளில் கறையானுக்குப் போய்விடும். 2005ஆம் ஆண்டு தன்னார்வ முயற்சியாகத் தொடங்கி, இன்று நூலக நிறுவனத்தால் நடத்தப்படும் நூலகம் இணையத்தளம் இந்த மலர்களுக்கெனத் தனிப் பகுதி ஒன்றை வைத்திருக்கிறது. அப்பப்பாவின் மலரைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது அந்தப் பகுதியை நெருக்கமாகப் பயன்படுத்தினேன். அதன் பயனையும் குறைகளையும் இங்கே எழுதுகிறேன்.

பயன்படுத்துவது எளிது. கட்டணமும் இல்லை. முகப்பிலிருந்து நினைவு மலர்கள் என்ற பகுதிக்குச் சென்றால் மலர்களின் பட்டியல் கிடைக்கும். ஒவ்வொரு மலருக்கும் தனிப் பக்கம் உண்டு. அதில் நூலக எண், வெளியீட்டு ஆண்டு, பக்க எண்ணிக்கை போன்ற விவரங்களுடன் வாசிப்பதற்கான பிடிஎஃப் கோப்பும் இருக்கும். பேராசிரியர்கள், அதிபர்கள், அரசியலாளர்கள் ஆகியோரின் மலர்கள் இருக்கும் அதே பட்டியலில், அதே அளவு இடத்தில், கூட்டுறவுச் சங்கக் கடை முகாமையாளரும் கமக்காரர் எனப்படும் விவசாயியும் கோயில் தர்மகர்த்தாவும் இருக்கிறார்கள். 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் அழிந்தன. அதன் பின்னர் ஒவ்வொரு இடப்பெயர்விலும் வீட்டு அலுமாரிகளில் இருந்தவையும் தொலைந்தன. அத்தகைய ஒரு சமூகத்துக்கு, எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தரம் பிரிக்காமல் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் இந்த முறையே சரியானது என்பது என் உறுதியான எண்ணம்.

மலர்களைத் தொடர்ந்து வாசிக்கும்போது இந்த வடிவத்தின் வரலாறும் புரியத் தொடங்குகிறது. பழைய கல்வெட்டுகள் பெரும்பாலும் செய்யுளால் ஆனவை. காப்புச் செய்யுளுடன் தொடங்கி, மறைந்த ஆண்டையும் மாதத்தையும் திதியையும் பதியும் திதி நிர்ணய வெண்பா வரும். பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று முறை வைத்துப் பாடல்கள் செல்லும். ஊர்ப் புலவர் ஒருவரைக் கொண்டு அவற்றை எழுதுவிப்பது வழக்கம். பிற்கால மலர்களில் தேவார திருவாசகங்களும் சிவபுராணமும் கந்தசஷ்டி கவசமும் பெரும்பகுதியை நிரப்ப, வாழ்க்கை வரலாறு உரைநடைக்கு மாறிவிட்டது. வம்சாவளி ஒரு விரிந்த மரமாக வரையப்படுகிறது; கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல் வரும். தோத்திரப் பகுதியை நான் விரைவாகக் கடந்து சென்றேன். அது பயனற்றது என்பதால் அல்ல. அதை மனத்தில் வைத்துத்தான் பல வீடுகளில் மலரையே எறியாமல் வைத்திருக்கிறார்கள். என் தேவை வாழ்க்கை வரலாற்றுப் பகுதிதான். அந்தப் பகுதியில் மலருக்கு மலர் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

சில மலர்களில் "இன்முகம் காட்டி எல்லோரையும் அரவணைத்தவர்", "ஊருக்கு ஓர் ஆலமரம்" என்ற வகை வாக்கியங்கள் மட்டுமே இருக்கின்றன. பெயரை மாற்றினால் எவருக்கும் பொருந்தும். வேறு சில மலர்களிலோ, சனசமூக நிலையத்துக்குக் காணி கிடைத்தது எப்படி, பத்திரிகைக்கான மாதச் சந்தாவை யார் சேர்த்தார்கள், ஒழுங்கைக்குக் கல் போட்டுச் சிரமதானம் செய்த நாட்களில் யாருடைய வீட்டில் சமையல் நடந்தது என்பன போன்ற செய்திகள் இருக்கின்றன. இரண்டாம் வகையை எழுதியவர்கள் பெரும்பாலும் மகனோ மகளோ அல்லர். கூட்டுறவுச் சங்கத்தில் அவரோடு வேலை செய்த நண்பர் ஒருவரோ, பக்கத்துத் தோட்டக்காரரோ எழுதியிருப்பார்கள். இதைக் கண்ட பின்னர்தான் அப்பப்பாவின் மலருக்கான கட்டுரைகளை வீட்டாரிடம் மட்டும் கேட்பதை விட்டு, ஊரிலுள்ள வயதானவர்களிடம் போனோம்.

அப்படிப் போனதால் கிடைத்தவற்றுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் கிணறு. ஒரே கிணற்றில் பல குடும்பங்களுக்குப் பங்கு இருக்கும். எவருக்கு எந்த நாளில் இறைப்பு முறை என்பது காணி உறுதிப் பத்திரத்திலும் ஊர் வழக்கிலும் வரையறுக்கப்பட்டிருக்கும். துலா என்னும் ஏற்றத்தை மிதித்து இறைத்த காலத்தில் இந்த முறைக்கு ஒரு நிதானம் இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்ததும் ஒருவர் தம் முறையிலேயே கிணற்றை வற்றச் செய்துவிட முடியும் என்ற நிலை வந்தது. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தபோது, எல்லோரும் கூடுதலான நிலத்தில் பயிரிட, பங்குக் கிணறுகளில் பிணக்கு முற்றியது. அந்த ஆண்டுகளில் எங்கள் அப்பப்பா தம்முடைய முறையைக் கடைசிக்குத் தள்ளிவைத்துக்கொண்டு மற்றவர்களின் முறையை ஒழுங்கு செய்து கொடுத்தார் என்பதையும், கிணற்றடியிலேயே பேசி முடித்ததால் எங்கள் குறிச்சியில் ஒரு வழக்கும் நீதிமன்றப் படி ஏறவில்லை என்பதையும் எங்களுக்குச் சொன்னவர் ஒரு காலத்தில் அவரோடு கிணற்றுப் பங்குக்காகப் பேச்சு நின்றுபோன ஒரு பெரியவர். வீட்டில் எவருக்கும் இது தெரியாது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதி முழுவதும் கிழக்கேயுள்ள தென்மராட்சிக்கு நகர்ந்தபோது அப்பப்பா மூன்று வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக் கூட்டிச் சென்றார் என்பதை மட்டும் எல்லோரும் அறிந்திருந்தோம். அடுத்த ஆண்டு ஊர் திரும்பியதும் முதலில் கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்தாராம். வீட்டுக் கூரையை அதன் பிறகுதான் பார்த்தாராம்.

இத்தகைய செய்தி ஒரு மலரில் இருந்தால் அது குடும்பத்தின் உடைமையாக மட்டும் இருப்பதில்லை. நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்பவருக்கும் கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றை எழுதுபவருக்கும் அது சான்றாகிறது. நூலகத்தின் சேவைக்கு நான் அளிக்கும் மிகப் பெரிய மதிப்பு இதற்காகவே. முப்பத்தோராம் நாளில் இருநூறு முந்நூறு பேருக்குக் கொடுத்து முடிந்துவிடும் ஒரு சிறு வெளியீட்டை, ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கும் பேரப்பிள்ளையும், ஊரோடு எந்தத் தொடர்பும் இல்லாத மாணவரும் ஒரே மாதிரிப் படிக்க முடிகிறது.

குறைகளும் உண்டு. நான் பார்த்த மலர்களில் பெரும்பாலானவை பக்கங்களை வருடி எடுத்த படக்கோப்புகள்; தட்டெழுதப்பட்ட எழுத்தாக இல்லாததால், ஒரு கோயிலின் பெயரையோ வாய்க்காலின் பெயரையோ கொடுத்து அவற்றின் உள்ளே தேட முடியவில்லை. என் தேடல் தலைப்பையும் பட்டியல் விவரங்களையும் நம்பியே நடந்தது. அங்கும் பெயரை எழுதும் முறை மாறினால், முதலெழுத்து முன்னும் பின்னும் போனால், தேடியவர் அகப்படமாட்டார். தொழிலாலும் ஊராலும் மலர்களைப் பிரித்துக் காட்டும் வசதி விரிவாக இருந்தால் கமக்காரர்களின் மலர்களை மட்டும் சேர்த்துப் படிக்கலாம். இப்போதைக்கு ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்கவேண்டும். நன்கொடையிலும் தன்னார்வ உழைப்பிலும் பெரிதும் தங்கியுள்ள நிறுவனத்திடம் இவற்றையெல்லாம் உடனே எதிர்பார்ப்பது நியாயமல்ல என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இன்னொரு விடயம் நூலகத்தின் கையில் இல்லை. அது குடும்பங்களின் கையில் இருக்கிறது. வம்சாவளியில் உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள், பிறந்த நாட்கள், வெளிநாட்டு முகவரிகள் எல்லாம் அச்சாகின்றன. ஊருக்குள் கைமாறும் புத்தகத்தில் அது பொருத்தம். உலகமெங்கும் திறக்கும் கோப்பில் அது பொருத்தமில்லை. எங்கள் மலரில் பேரப்பிள்ளைகளின் பெயர்களை மட்டும் வைத்து, முகவரிகளை நீக்கினோம். அதே நேரத்தில், அநேக மலர்கள் ஒரே வரியில் "இல்லத்தரசி" என்று முடித்துவிடும் இடத்தில், அப்பம்மாவுக்கென இரண்டு பக்கங்கள் ஒதுக்கினோம். வெங்காயம் நட்டதிலும் களை பிடுங்கியதிலும் பிடி கட்டியதிலும் பாதி உழைப்பு அவருடையது. ஊர்க் கூட்டங்களுக்கு அப்பப்பா போன இரவுகளில் தோட்டத்துக்குக் காவலாகக் கொட்டிலில் இருந்தவரும் அவரே. ஒரு குடும்பத் தலைவரின் பொதுப்பணியைப் போற்றும் மலர், அந்தப் பணிக்கு வீட்டில் யார் நேரம் கொடுத்தார்கள் என்பதையும் எழுதவேண்டும் என்று நினைக்கிறேன். இதைச் செய்திருக்கும் மலர்களை நான் மிகச் சிலவாகவே கண்டேன்.

மலர் தயாரிக்கப் போகிறவர்கள் கட்டுரை கேட்கத் தொடங்கும் முன்னரே இந்தப் பகுதியில் தம் ஊரைச் சேர்ந்தவர்களின் மலர்களைத் தேடி வாசிப்பது நல்லது. யாரிடம் எதைக் கேட்கவேண்டும் என்பது அப்போதே தெளிவாகும். படங்களின் கீழ் ஆண்டையும் இடத்தையும் நிற்பவர்களின் பெயர்களையும் எழுதுங்கள். அச்சகத்தில் வேலை முடிந்ததும் அச்சுக்கு அனுப்பிய மின்கோப்பைக் கேட்டு வாங்கி, அச்சுப் பிரதி ஒன்றுடன் அதையும் நூலகத்துக்குக் கொடுங்கள். சில ஆண்டுகள் கழித்துக் கேட்டால் அச்சகத்தில் அந்தக் கோப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது.