வெயில் வரையும் தாள்: 24 தாளும் தீர்ந்த பிறகு எழுதுகிறேன்

சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். 18 வருடம் ஆகிறது. மரம், இலை, கொடி எல்லாம் கையிலிருந்து தானாக வந்துவிடும். ஜன்னல் பக்கம் நிமிர்ந்து பார்க்கக்கூடத் தேவைப்படாது. போன வருடக் கடைசியில் ஒரு பக்கத்துக்குக் கொடி வரைந்து முடித்தேன். பழைய கோப்பு ஒன்றைத் தேடும்போது, பத்து வருடத்துக்கு முன்னால் நான் வரைந்த படத்தில் அதே கொடி. அதே வளைவு, அதே மூன்று இலை, அதே சுருள். பென்சிலைக் கீழே வைத்தவள் இரண்டு வாரம் தொடவில்லை. அந்தச் சமயத்தில் தோழி ஒருத்தி கையில் கொடுத்ததுதான் இந்த சயனோடைப் தாள் கட்டு, அதாவது வெயிலில் வைத்தால் நீலப் படம் விழும் தாள்கள்.

கட்டுக்குள் கறுப்பு உறையில் அஞ்சலட்டை அளவுத் தாள்கள் 24, அதே அளவில் ஒரு அக்ரிலிக் தகடு, கீழே வைக்க ஓர் அட்டை, நாலு கிளிப், ஒரு பக்கக் குறிப்பு. வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை. வெயிலும் தண்ணீரும் இருந்தால் போதும்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு உப்புகளைக் கரைத்துத் தாளில் பூசியிருக்கிறார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் இரும்பு வேதிமாற்றம் அடைந்து, தண்ணீரில் கரையாத பிரஷ்ய நீலம் உருவாகிறது. தாள் மேல் வைத்த பொருள் மறைத்த இடத்தில் ஒன்றும் நடப்பதில்லை. கழுவினால் அங்கே பூச்சு கரைந்து ஓடி வெள்ளைத் தாள் மிஞ்சுகிறது. ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த முறை இது. கட்டட வரைபடத்துக்கு ‘ப்ளூபிரிண்ட்’ என்று பேர் வந்ததும் இந்த நீலத்தால்தான்.

முதல் தாளில் சாவிக்கொத்தை வைத்தேன். நீலத்தின் நடுவே வெள்ளைச் சாவி வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சாவியைப் பற்றி எனக்குத் தெரியாத எதையும் அது காட்டவில்லை. கத்தரிக்கோல், சீப்பு, ஊக்கு எல்லாவற்றிலும் அதே கதை. நாலு தாள் போனது.

ஐந்தாவது தாளில் விஷயம் மாறியது. செடிக்கடியில் கிடந்த சருகுகளில் ஒன்று, சதையெல்லாம் மட்கி நரம்பு வலை மட்டும் மிஞ்சியிருந்தது. அதை வைத்துக் கழுவி எடுத்தபோது நடு நரம்பு வெள்ளை, கிளை நரம்புகள் வெளிர் நீலம், முழுக்க மட்கிய இடம் ஆழ்ந்த நீலம். பாதி மட்கிய இடங்கள் இரண்டுக்கும் நடுவே, மேகம் மாதிரித் திட்டுத்திட்டாக. இலை எந்தப் பக்கத்திலிருந்து மட்க ஆரம்பித்தது என்றுகூடச் சொல்லிவிடலாம் போலிருந்தது. இந்தத் தாளுக்கு ஒரு பொருளின் வடிவத்தைவிட, அதற்குள் ஒளி எவ்வளவு நுழைகிறது என்பதுதான் கணக்கு என்று அப்போதுதான் பிடிபட்டது.

அதற்கப்புறம் வீட்டில் எதைத் தொட்டாலும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. கண்ணாடி டம்ளர், காயத்துக்குக் கட்டும் வலைத்துணி, கிழிந்த கொசுவலைத் துண்டு, வாசலில் விழுந்து கிடந்த ஓர் இறகு. டம்ளரைப் படுக்க வைத்து எடுத்த தாளில், அடிக்கண்ணாடியின் தடிப்பு ஒளியை அங்கங்கே குவித்து, குளத்தின் அடியில் ஆடுமே வெயில் கோடு, அதே மாதிரி விழுந்திருந்தது. தினமும் கழுவிக் கவிழ்க்கிற டம்ளர்!

எனக்கு மிகவும் பிடித்த தாள் இரண்டு மூக்குக்கண்ணாடிகளுடையது. ஒன்று என்னுடையது, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பிளாஸ்டிக் வில்லை. இன்னொன்று அப்பாவின் பழைய கண்ணாடி, நிஜக் கண்ணாடி வில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒரே தெளிவு. வரையச் சொல்லியிருந்தால் இரண்டையும் ஒரே மாதிரிதான் வரைந்திருப்பேன். தாளில் அப்பாவின் வில்லைகள் பின்னணியோடு கிட்டத்தட்டக் கலந்துபோய், சட்டத்தின் வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தது. என்னுடையதில் இரண்டு வெளிறிய நிலாக்கள். கண்ணுக்கு எட்டாத ஒரு வித்தியாசத்தை ஒரு துண்டுத் தாள் பிடித்துக் காட்டியதில் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த முறையைக் கலைக்குக் கொண்டுவந்தவர்களில் முதலில் நினைவுக்கு வருகிறவர் அன்னா அட்கின்ஸ். தாவரவியலில் ஊறியவர். 1843-இலிருந்து பத்து வருடம் போலக் கடற்பாசிகளை நேரடியாகத் தாளில் வைத்து வெயிலில் அச்செடுத்து, பகுதி பகுதியாக வெளியிட்டார். புகைப்பட முறையில் படங்கள் அச்சான முதல் புத்தகம் அதுதான் என்று சொல்வார்கள். அவருக்கு வரையத் தெரியாமல் இல்லை. அதற்கு இருபது வருடத்துக்கு முன்பே அப்பாவின் மொழிபெயர்ப்பு நூலுக்காக 200-க்கும் மேற்பட்ட சிப்பிப் படங்களை வரைந்துகொடுத்தவர். அவ்வளவு கைத்திறன் உள்ளவர், பாசியின் நுணுக்கத்தைக் கையால் துல்லியமாக வரைவது கடினம் என்று சொல்லி வேலையைப் பாசியிடமே விட்டார். தொழில்முறையில் வரைகிறவளாக, எனக்கு இது பெரிய ஆறுதல்.

இனி குறைகள். முதல் குறை உறை. ஒட்டிய ஓரம் ஒன்றில் வெளிச்சம் கசிந்து, மேலிருந்த இரண்டு தாளின் விளிம்பு நான் பிரிக்கும் முன்பே நீலம் பூத்திருந்தது. ஒளிபடாமல் காப்பதுதான் அந்த உறையின் ஒரே வேலை, அதையே சரியாகச் செய்யவில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே கோபம். வந்தவுடன் தாள்களை ஒரு தகர டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். இரண்டாவது, அக்ரிலிக் தகடு மெலிது. தடித்த காம்பு உள்ள எதை வைத்தாலும் தகடு நடுவில் வளைந்து, ஓரத்து இலைகள் தாளில் படியாமல் கலங்கிப்போகின்றன. படச்சட்டக் கண்ணாடியை மாற்றி வைத்தேன், நன்றாக அழுத்தியது. ஆனால் எல்லாச் சட்டக் கண்ணாடியும் ஆகாது. படம் வெளிறாமல் இருக்கப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் விற்கிறார்கள், அதை வைத்தால் தாளில் ஒன்றும் விழாது.

குறிப்பில் “3 நிமிடம்” என்று ஒற்றை வரி. உச்சி வெயிலுக்கு அது சரி. காலை வெயிலில் எனக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது, மேகமூட்டத்தில் அரைமணி. கடிகாரத்தைவிட நிறத்தைப் பார்ப்பதே மேல். மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும் தாள் முதலில் நீலம் பாய்ந்து, பிறகு சாம்பல் படிந்த மாதிரி மங்கும். அந்த மங்கல் வந்த பிறகு எடுங்கள். முன்னாலேயே எடுத்தால் கழுவும்போது பாதி நீலம் தண்ணீரோடு போய்விடும்.

கழுவுவதற்கு ஒரு வார்த்தை. தண்ணீர் காரத்தன்மை உள்ளதாக இருந்தால் நீலம் வெளிறும், சோப்புப் பட்டால் இன்னும் மோசம். முதல் கழுவலில் சில துளி வினிகர் விட்டேன், நடுத்தர நீலங்கள் நன்றாக நின்றன. ஈரத்தில் நிறம் சோகையாகத் தெரிந்தால் பதற வேண்டாம், காற்றுப்பட்டு ஒரு நாளில் ஆழமாகிவிடும். காய்ந்த தாள் சுருண்டுகொள்ளும், இரண்டு கனமான புத்தகத்துக்கு நடுவே ஓர் இரவு வைத்தால் சரியாகும்.

மழை நாளில் இந்தக் கட்டுக்கு வேலை இல்லை. அந்த நாட்களில் வெறும் தாளும் மெழுகுக் கிரேயானும் எடுத்துக்கொண்டு மேஜைப் பலகை, தரை, கூடையின் பின்னல் என்று தேய்த்து எடுத்தேன். ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-இல் தேய்ந்த மரத்தரையின் ரேகைகளை இப்படித் தேய்த்தெடுத்துத்தான் காடுகளையும் விலங்குகளையும் உருவாக்கத் தொடங்கினார். செலவே இல்லாத வழி என்பதால் சொல்லி வைக்கிறேன்.

சுவரில் மாட்ட அழகான நீலப் படம் வேண்டும், உடனே வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கட்டு ஏமாற்றம் தரலாம். முதல் ஐந்தாறு தாள் தடுமாற்றத்திலேயே தீரும். வரைகிறவர்கள், முக்கியமாக வரைந்து வரைந்து கை மரத்துப்போனவர்கள், தயங்காமல் வாங்கலாம். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண் அந்த உறைக்காகக் குறைத்தது.

24-ஆவது தாளுக்கு வேலி மேல் ஏறியிருந்த கொடியின் ஒரு நுனியை வெட்டி வந்தேன், அது பற்றியிருந்த குச்சியோடு. எல்லாம் இத்தனை வருடம் நான் வரைந்த மாதிரியேதான் விழுந்திருந்தது, பற்றுக்கம்பியைத் தவிர. அதன் சுருளுக்கு நடுவில் ஒரு சின்ன நேர்க்கோடு இருந்தது. தகடு அழுத்தியதில் நசுங்கியதோ என்று நினைத்து, வேலிக்கே போய் மற்ற கம்பிகளைப் பார்த்தேன். குச்சியைப் பற்றிக்கொண்ட ஒவ்வொன்றிலும் அந்த நேர் இடம் இருந்தது. அதுவரை ஒரு பக்கமாகச் சுற்றி வந்த கம்பி, அதற்கப்புறம் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. இரண்டு முனையும் பிடிபட்ட பிறகு கம்பி ஒரே பக்கமாகச் சுருள வழியில்லை. ஒரு பாதியின் முறுக்கை இன்னொரு பாதி எதிராகச் சுற்றித்தான் ஈடு செய்ய வேண்டும். டார்வின் கொடிகளைப் பற்றி 1865-இல் எழுதியதிலேயே இது இருக்கிறது. நான் 18 வருடமாக ஒரே பக்கம் சுற்றும் ஸ்பிரிங்காக வரைந்துகொண்டிருந்தேன்.

பென்சில் மறுபடி கையில் இருக்கிறது. ஒரு வாரமாக அந்தக் கம்பியைத்தான் வரைகிறேன். சுருள்கள் வந்துவிட்டன, நடுவில் அது திரும்புகிற இடம் மட்டும் இன்னும் சரியாக விழவில்லை.