எச்சரிக்கை: தகட்டை நம்பி டி-5 கியர்பாக்ஸ் வாங்காதீர்கள்

பின்சக்கர இயக்கம் உள்ள ஒரு பழைய வி8 (எட்டு சிலிண்டர்) காரின் நாலு ஸ்பீடு பெட்டியை எடுத்துவிட்டு மாட்டுவதற்காக வாங்கியது இந்த ஐந்து ஸ்பீடு கியர்பாக்ஸ். "வி8 மஸ்டாங்கிலிருந்து எடுத்த வேர்ல்ட் கிளாஸ் டி-5, முழுக்க ரீபில்ட் செய்தது" என்று சொல்லித்தான் விற்றார்கள். டி-5 என்பது ஃபோர்டு மஸ்டாங் போன்ற கார்களில் வந்த போர்க்-வார்னர் மேனுவல் பெட்டி, அதன் மேம்பட்ட வகைக்குத்தான் வேர்ல்ட் கிளாஸ் என்று பெயர். வேர்ல்ட் கிளாஸ் என்பது மட்டும் உண்மை. பெட்டி நாலு சிலிண்டர் காருடையது, ரீபில்ட் என்பது வெளியே அடித்த வெள்ளி பெயின்ட்தான். விற்ற இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை, இதே வேலையைச் செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள்.

ஏமாற்று எங்கே என்றால் தகட்டில். டி-5 பெட்டியின் பின்பக்க ஹவுசிங் போல்ட் ஒன்றில் சின்ன அலுமினியத் தகடு மாட்டியிருக்கும். அதில் 1352 என்று தொடங்கி, அடுத்து மூன்று இலக்கம் வரும். அந்த மூன்று இலக்கத்தை வைத்துத்தான் எந்தக் காரின் பெட்டி, என்ன ரேஷியோ (வெளியே போகும் தண்டு ஒரு சுற்று வர எஞ்சின் பக்கத் தண்டு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு) என்று பட்டியலில் பார்ப்பார்கள். தகடு நிற்பது ஒரே போல்ட்டில். கழற்றி வேறு பெட்டியில் மாட்ட ஒரு நிமிடம் போதும். இந்தப் பெட்டியில் மற்ற போல்ட்கள் எல்லாம் பெயின்டில் மூழ்கியிருக்க, தகடு நின்ற போல்ட் மட்டும் பளபளவென்று இருந்தது. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தகடு பொய் சொல்லலாம், பல் சக்கரம் சொல்லாது. பெட்டியை மேசையில் வைத்து முதல் கியரில் போடுங்கள். இன்புட் (எஞ்சின் பக்கம்), அவுட்புட் (சக்கரத்தின் பக்கம்) ஷாஃப்ட் இரண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, அவுட்புட் சரியாக மூன்று சுற்று வரும்வரை இன்புட்டைக் கையால் சுற்றி எண்ணுங்கள். மஸ்டாங் வி8 பெட்டிகளில் பொதுவான 3.35 ரேஷியோ என்றால் ஏறக்குறைய 10 சுற்று வரும். 2.95 உள்ள டி-5 இசட் வகை என்றால் 9-க்குச் சற்றுக் குறைவு. இந்தப் பெட்டி 12 சுற்றுக்குப் போனது. அதாவது 4-க்குப் பக்கத்திலுள்ள ரேஷியோ, நாலு சிலிண்டர் கார்களுக்கும் சிறிய பிக்கப்களுக்கும் போட்டது. ஐந்தாவது கியரிலும் பார்த்துவிடுங்கள்: இன்புட் 10 சுற்றுக்கு அவுட்புட் 14.7 வந்தால் 0.68, 15.9 வந்தால் 0.63, 13 சொச்சம் வந்தால் 0.76.

ரேஷியோ மாறினால் என்ன, ஓடத்தானே போகிறது என்று கேட்பார்கள். முதல் கியர் ரேஷியோ கூடக் கூட, அதற்கு ஜோடியாக கவுன்டர் ஷாஃப்டில் (பெட்டிக்குள் இணையாக ஓடும் துணைத் தண்டில்) இருக்கும் பல் சக்கரம் சிறிதாகும். அதே டார்க்கை (முறுக்கு விசையை) சின்னச் சக்கரம் தாங்க வேண்டும். 1985 முதல் மஸ்டாங் வி8-இல் வந்த வேர்ல்ட் கிளாஸ் பெட்டிக்கு மதிப்பிட்ட டார்க் சுமார் 360 நியூட்டன் மீட்டர், 1990-க்குப் பிந்தியதற்குச் சுமார் 407, டி-5 இசட்டுக்குச் சுமார் 447. நாலு சிலிண்டர் பெட்டி இதற்கெல்லாம் கீழே. வி8-ஐ அதோடு சேர்த்தால் முதலில் போவது பல்தான்.

ஓட்டும்போதும் வித்தியாசம் தெரியும். பின் ஆக்சிலின் ரேஷியோ 3.55 என்றால் முதல் கியரில் மொத்தக் குறைப்பு 14-க்கு மேல். கார் நகர்ந்ததும் இரண்டாவது போட வேண்டிவரும். நேர்மாறான தவறும் உண்டு: 3.08 ஆக்சிலோடு 0.63 ஐந்தாவது. இரண்டு மீட்டர் சுற்றளவுள்ள டயருக்கு மணிக்கு 100 கிலோமீட்டரில் எஞ்சின் 1600 ஆர்.பி.எம் சொச்சத்தில் திணறும். 3.55-உம் 0.68-உம் சேர்ந்தால் அதே வேகத்தில் ஏறக்குறைய 2000. பழைய கார்பரேட்டர் எஞ்சினுக்கு இதுதான் நல்லது. ஆக்சில் ரேஷியோவைக் கேட்காமலே பெட்டி விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

செவர்லே காமரோ காரிலிருந்து வந்த டி-5 என்றால் இன்னொரு கண்ணி: அதில் பெட்டியே ஏறக்குறைய 17 டிகிரி சாய்த்து மாட்டப்பட்டிருக்கும். நேரான பெல் ஹவுசிங்கில் (எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் கூடு) அதைப் போட்டால் கியர் லீவர் பக்கவாட்டில் சாயும்.

இனி அந்த "ரீபில்ட்". பெட்டிக்குள் தடித்த 80/90 கியர் ஆயில் ஊற்றியிருந்தார்கள். தேய்ந்த பேரிங்கின் சத்தத்தை அமுக்கும் பழைய தந்திரம் இது. வேர்ல்ட் கிளாஸ் டி-5 கேட்பது ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் பெட்டிக்கான மெல்லிய ஆயில்), ஏறக்குறைய 2.65 லிட்டர். அதன் சிங்க்ரோ ரிங்குகளில் (கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் வளையங்கள்) உராய்வு லைனிங் இருக்கும். தடித்த ஆயிலில் அவை பிடிக்காது. குளிர்ந்த எஞ்சினில் இரண்டாவது போட்டால் கரகரக்கும். ஆயிலை வடித்தபோது பித்தளைத் தூளும் ஃபோர்க்கின் (கியரை நகர்த்தும் கவை) நைலான் துண்டும் வந்தன. ஃபோர்க் முனையிலுள்ள இந்த நைலான் துண்டு மலிவான பாகம், ரீபில்ட்டில் முதலில் மாற்ற வேண்டியது. இன்புட் பேரிங்கைப் பிடிக்கும் ரீடெய்னர் மூடிக்குப் பின்னால் ஷிம்மே (மெல்லிய இடைத் தகடு) இல்லை, சிலிகான் மட்டும் அப்பியிருந்தது. டேப்பர் பேரிங்கின் ஆட்டத்தை நிர்ணயிப்பது ஷிம்தான். அது இல்லாமல் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர்ந்து, ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் நழுவி நியூட்ரலுக்கு வரும். இதைக் கண்டுபிடிக்கப் பெட்டியைத் திறக்கக்கூடத் தேவையில்லை: இன்புட் ஷாஃப்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் 'டொக்' என்று தட்டும்.

மாட்டிய ஒர்க்ஷாப்பின் பங்கும் குறைவில்லை. இன்புட் ஷாஃப்டின் முனை பைலட் புஷ்ஷுக்குள் (எஞ்சின் கிராங்க் முனையில் அதைத் தாங்கும் வளையம்) தளர்வாக ஆடியதைப் பார்த்தும் பேசாமல் மாட்டிவிட்டார்கள். நாலு சிலிண்டர் பெட்டியின் முனை மெல்லியது என்பதால் வந்த ஆட்டம் அது. வெர்னியரால் முனையையும் புஷ்ஷையும் அளந்திருந்தாலே குட்டு அங்கேயே உடைந்திருக்கும். பெல் ஹவுசிங் மையத்தையும் பார்க்கவில்லை. டயல் கேஜின் காந்தக் காலை ஃப்ளைவீலில் ஒட்டி, முனையை ஹவுசிங்கின் துளைச் சுவரில் வைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஒரு முழுச்சுற்று சுற்ற வேண்டும். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் 0.13 மி.மீட்டரைத் தாண்டக் கூடாது. இங்கே 0.30 இருந்தது. உண்மையான விலகல் அதில் பாதி, 0.15. அதற்கு 0.18 மி.மீ ஆஃப்செட் டவல் பின் (ஹவுசிங்கை இடம் நகர்த்தி நிறுத்தும், மையம் விலகிய ஊசி) போட்டால் சரியாகிவிடும். இதைச் செய்யாமல் விட்டால் நல்ல பெட்டிகூடக் கியரை உதறும், முன் பேரிங் ஊளையிடும், பழி பெட்டி மேல் விழும்.

இன்னொன்று: பெட்டி முழுக்க உள்ளே போகாமல் இடைவெளி இருக்கும்போதே போல்ட்டை முறுக்கி இழுத்திருக்கிறார்கள். டி-5-இன் உடல் அலுமினியம், போல்ட் போடும் காது உடைந்துவிடும். கையால் தள்ளிப் போகவில்லை என்றால் கிளட்ச் டிஸ்க் மையத்தில் இல்லை, அல்லது புஷ் அளவு தவறு. ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கடைசியாகத்தான் வெட்ட வேண்டும். பெட்டியும் அதன் மவுன்ட்டும் அதனதன் இடத்தில் நின்று, காரின் எடை சக்கரத்தில் இருக்கும்போது அளந்து, ஸ்லிப் யோக் (பெட்டிக்குள் செருகும் ஷாஃப்ட் முனை) முழுதாக உள்ளே போவதற்கு 20 முதல் 25 மி.மீ மிச்சம் வைக்க வேண்டும். அவுட்புட் ஷாஃப்டும் பின் ஆக்சிலின் பினியனும் ஒரு டிகிரிக்குள் இணையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் அதிரும்.

விற்றவர் சொன்ன பதில்: "மாட்டிட்டீங்கன்னா வாரன்டி கிடையாது, தப்பா மாட்டியிருப்பீங்க." ஒர்க்ஷாப் சொன்னது: "பெட்டி நீங்க கொண்டு வந்தது." இரண்டு வாயையும் அடைக்க ஒரே வழி, பெட்டி வந்த அன்றே, மாட்டுவதற்கு முன், சுற்று எண்ணுவதையும் ஷாஃப்ட் ஆட்டத்தையும் ஆயில் வடிவதையும் தகடு தெரியும்படி ஒரே வீடியோவில் எடுத்து விற்றவருக்கு அனுப்பிவிடுவது. ரசீதில் "ரீபில்ட்" என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். மாற்றிய பேரிங், சிங்க்ரோ ரிங், ஃபோர்க் பேட், சீல், ஷிம் அளவு, ஐந்து கியரின் ரேஷியோ எல்லாம் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.