தனியார் கல்வி நிலையத்தில் டாப்-அப் பட்டம் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: 19,620 வெள்ளி போன விதம்

கட்டணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, மகள் படித்த கல்வி நிலையத்திலிருந்து நேற்று சாயங்காலம் கடைசி மின்னஞ்சல் வந்துவிட்டது. “பாடத்திட்டம் முழுமையாக நடத்தி முடிக்கப்பட்டதால் கட்டணத்தைத் திருப்பித் தர வழியில்லை.” அவ்வளவுதான். 18,000 வெள்ளி கட்டணம், அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி 1,620 வெள்ளி, ஆக 19,620 வெள்ளி. மூன்று தவணை, தவணைக்கு 6,540. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இந்த மாதமும் எத்தனையோ பேர் அதே மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

பெயர் சொல்லப்போவதில்லை. சிங்கப்பூரில், ஊர் நடுவில், பெருவிரைவு ரயில் நிலையத்தை ஒட்டி, பல மாடிகளை எடுத்து நடத்தும் தனியார் கல்வி நிலையம். பலதுறைத் தொழிற்கல்லூரி டிப்ளோமா இருந்தால், மாலை வகுப்பில் 16 மாதத்தில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் கணினித்துறைப் பட்டம். இதைத்தான் டாப்-அப் என்கிறார்கள். எட்டுப் பாடம், ஒரு புராஜெக்ட். சேர்ந்தது மகள்.

சேர்க்கை ஆலோசகர் நம் தமிழ்ப் பெண். அங்கேதான் விழுந்தோம். தனியார் கல்வி நிலையங்களுக்கு அரசு தரும் எடுட்ரஸ்ட் தரச் சான்றிதழைக் காட்டினார், கட்டணப் பாதுகாப்புத் திட்டத்தின் தாளைக் காட்டினார். “அண்ணே, உங்க பணத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு. ஒரு வெள்ளிகூட வீணாப் போகாது. என் தங்கச்சியா இருந்தாலும் இங்கேதான் சேர்ப்பேன்.” ஒப்பந்தத்துக்கு முன்னால் மாணவர் படித்துக் கையெழுத்துப் போடவேண்டிய படிவம் 12-ஐ நீட்டினார். ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் ஏற்கெனவே ‘டிக்’ போட்டிருந்தது. “இது சும்மா ஃபார்மாலிட்டிதான்ணே, அது மேலேயே பேனாவால போட்டுடுங்க.” ஒவ்வொரு டிக்கும் ‘கட்டணம் திருப்பித் தரும் விதிகள் எனக்கு விளக்கப்பட்டன’ என்பது மாதிரியான ஒரு ஒப்புதல். மகளும் அதன்மேலேயே போட்டாள், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வாயால் சொன்னவை மூன்று: ஒவ்வொரு பருவத்திலும் இங்கிலாந்துப் பேராசிரியர் நேரில் வருவார், வகுப்புக்கு 30 பேருக்கு மேல் இல்லை, புராஜெக்ட் ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து. ஒப்பந்தத்தின் அட்டவணை ஏ-யில் இவை மூன்றும் இல்லை. அங்கே இருப்பது படிப்பின் பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி, பாடங்களின் பெயர், பட்டம் தரும் பல்கலைக்கழகம், அந்த மாதிரி விவரங்கள்தான்.

கட்டணப் பாதுகாப்பு என்றால் என்ன என்று இப்போது எனக்கு மனப்பாடம். நிலையம் நொடித்துப்போனாலோ மூடப்பட்டாலோ, திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தும் நிலையம் தராவிட்டாலோ அது கைகொடுக்கும். மோசமாகச் சொல்லிக்கொடுத்தால் அது அசையாது. ஒப்பந்தத்தில் ‘வழங்கத் தவறுதல்’ என்றால் படிப்பு தொடங்காமல் போவது, பாதியில் நிற்பது போன்றவை. ஆசிரியர் வந்து ஸ்லைடைப் படித்துவிட்டுப் போனாலும் அது ‘வழங்கியது’தான். எடுட்ரஸ்ட் நிலையத்துக்குத் தரப்படும் சான்று. எந்த வகுப்பில் யார் என்ன நடத்துகிறார் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பில் பதிவு பெற்ற படிப்பு என்பதும் தர அங்கீகாரம் ஆகாது.

வகுப்பு ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்கு முடியவேண்டும். எட்டே முக்காலுக்கு முடிந்தது, பருவம் முழுக்க. தரவுத்தளம், வலையமைப்புப் பாதுகாப்பு, திட்ட மேலாண்மை மூன்றுக்கும் ஒரே பகுதிநேர ஆசிரியர். ஸ்லைடின் அடியில் வேறு நிலையத்தின் பெயர், நான்கு ஆண்டு பழைய தேதி. அவரை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை. இந்த மாதிரி இடங்களில் மணிக்கணக்குச் சம்பளம்தான். தயாரிக்கும் நேரத்துக்கும் திருத்தும் நேரத்துக்கும் தனியாகக் காசு கிடையாது. பிள்ளைகள் தோற்றால் அடுத்த பருவம் அழைப்பு வராது என்ற பயம் வேறு. அதனால் தேர்வுக்கு முந்திய ‘ரிவிஷன்’ வகுப்பில் ஆறு தலைப்பு சொன்னார், நான்கு வினாத்தாளில் வந்தது. அசைன்மென்டில் நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அதே இரண்டு வரிக் கருத்து, எழுத்துப்பிழை உட்பட.

அந்தத் தரவுத்தளப் பாடத்தில் மகளின் மதிப்பெண் 72. பருவம் முழுக்க ஆய்வகக் கணினியில் தரவுத்தள மென்பொருளே நிறுவப்படவில்லை. ஆய்வக நேரம் ‘கலந்துரையாடல்’ ஆனது.

படிப்பு முடிந்து போன முதல் நேர்காணலில் ஒரு மடிக்கணினியை முன்னால் வைத்தார்கள். இரண்டு அட்டவணை: ஒன்றில் வாடிக்கையாளர்கள், இன்னொன்றில் ஆர்டர்கள். இதுவரை ஒரு ஆர்டர்கூடப் போடாத வாடிக்கையாளர்களைப் பட்டியலிடு. இருபது நிமிடம். வாடிக்கையாளர் அட்டவணையை இடப்பக்கம் வைத்து இரண்டையும் இணைக்கும் ‘லெஃப்ட் ஜாயின்’, ஆர்டர் எண் ‘நல்’ (null, அதாவது காலி) என்று வரும் வரிசைகளை மட்டும் எடுக்கவேண்டும். நான்கு வரி. இரண்டு வாரம் கையால் எழுதிப் பழகிய யாருக்கும் வரும். அவளுக்கு, அட்டவணைகளைப் பிரித்து ஒழுங்குபடுத்தும் நார்மலைசேஷனின் முதல் மூன்று நிலைகளுக்கும் வரையறை தலைகீழாகத் தெரியும், ஒரு ‘ஜாயின்’ ஓட்டிப் பார்த்ததில்லை. பட்டம் அசல், பல்கலைக்கழகமும் அசல், சரிபார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். அந்த இருபது நிமிடத்தில் எதுவும் உதவவில்லை.

இது இவள் ஒருத்தியின் பிரச்சினை இல்லை. தனியார் கல்வி நிலையப் பட்டதாரிகள் பற்றிய 2023/24 வேலைவாய்ப்புக் கருத்தாய்வில், முழுநேர நிரந்தர வேலை கிடைத்தவர்கள் 46.4 விழுக்காடு. அரசு நிதி பெறும் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களின் 2024 கருத்தாய்வில் அது 79.5. இடைநிலைச் சம்பளம் இங்கே 3,500 வெள்ளி, அங்கே 4,500. வேலைச் சந்தை மந்தம் என்பது உண்மைதான், ஆனால் இவ்வளவு இடைவெளிக்கு அது மட்டும் காரணம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

புகார் சொல்லாமலும் இருக்கவில்லை. முதல் பருவம் முடிந்ததும் எழுதினோம். மாணவர் சேவைப் பிரிவு, “அடுத்த பருவம் வேறு ஆசிரியர் வருவார்” என்றது. நம்பி இரண்டாவது 6,540 கட்டினோம். அதே ஆசிரியர் வந்தார். மறுபடி எழுதினால் கல்வித் தலைவர் விடுப்பில் இருக்கிறார். மூன்றாவது தடவை, “கருத்து பதிவு செய்யப்பட்டது, நன்றி” என்று சொல்லி, ‘தீர்க்கப்பட்டது’ எனப் புகாரை மூடிவிட்டார்கள். ஆலோசகருக்கு வாட்ஸ்அப் போட்டேன். நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. ‘என் தங்கச்சியா இருந்தாலும்’ என்று சொன்ன அதே ஆள். கடைசியில் இங்கிலாந்துக்கே எழுதினோம். கற்பித்தல் உள்ளூர்க் கூட்டாளியின் பொறுப்பாம். உள்ளூரில் கேட்டால் பாடத்திட்டமும் மதிப்பீடும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பாம். இங்கிலாந்தில் உள்ளூர் மாணவர் கட்டணத்தின் உச்சவரம்பு 2017 முதல் 2025 வரை 9,250 பவுண்டிலேயே நின்றது. செலவு ஏறிக்கொண்டே போனது. வெளிநாட்டு மாணவர் பணம் அவர்களுக்கு எவ்வளவு தேவை என்று யாரும் கணக்குப் போடலாம். 19,620 வெள்ளியில் அவர்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டேன், அதற்குப் பதிலே இல்லை.

நீண்ட அறிவுரை எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். கையெழுத்துக்கு முன்னால், இப்போது நடந்துகொண்டிருக்கும் ஒரு வகுப்பில் ஒரு மாலை முழுக்க உட்காரவேண்டும் என்று கேளுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். யோசித்து விலக ஒப்பந்தம் தருவது கையெழுத்திட்டதிலிருந்து 7 வேலை நாள்தான். எங்களுக்கு வகுப்பு தொடங்கியதே ஐந்து வாரம் கழித்து, அதற்குள் அது காலாவதி. பென்சில் டிக்கை அழிக்கச் சொல்லிவிட்டுப் படியுங்கள். வாயால் சொன்னதையெல்லாம் மின்னஞ்சலில் வாங்குங்கள். புகார் நிலுவையில் இருக்கும்போது அடுத்த தவணையைக் கட்டாதீர்கள், ஆனால் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தின் வரம்பு 20,000 வெள்ளி, கெடு இரண்டு ஆண்டு. எங்கள் 19,620 அதற்குள் வருகிறது. அதே நிலையத்தில் சேர்ந்து வாய்மொழி வாக்குறுதிகளை எழுத்தில் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், இந்த வாரமே தொடர்புகொள்ளுங்கள்.