எச்.ஓ. சரக்கு வண்டிக்கு எந்த டிரக்: பிளாஸ்டிக்கா, ஸ்பிரிங் வைத்த உலோகமா?

அமெரிக்க சரக்கு வண்டிகளின் மாடல்களை எச்.ஓ. அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) ஓட்டுபவர்கள் பழைய டிரக்கை (வண்டியின் அடியில் இரண்டு அச்சு, நான்கு சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) கழற்றிவிட்டு நல்லதாக ஒன்று போட நினைத்தால், முதலில் கண்ணில் படுவது இரண்டு வகை. ஒன்று அக்யூரெயில், தாஹோ மாடல் ஒர்க்ஸ் செய்வது போன்ற பிளாஸ்டிக் டிரக். இதில் சட்டம் அசையாது. இன்னொன்று கேடி நிறுவனம் பெயர் வாங்கிய உலோக டிரக். இதில் இரண்டு பக்கச்சட்டங்களும் தனித்தனியாக இருக்கும், நடுவில் உண்மையான குட்டி ஸ்பிரிங்குகள் உட்கார்ந்திருக்கும்.

பார்வைக்கு ஸ்பிரிங் டிரக்தான் அழகு. பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் ஸ்பிரிங் இடுக்கில் வெளிச்சம் ஊடுருவும். பிளாஸ்டிக்கில் எவ்வளவு நுணுக்கமாக வார்த்தாலும் அந்த ஆழம் வராது. ஆனால் அந்த ஸ்பிரிங் பெரிய ரயிலில் செய்யும் வேலையை இங்கே செய்வதில்லை. 40 அடி பாக்ஸ் கார் (மூடிய சரக்குப் பெட்டி) எச்.ஓ.வில் சுமார் 5.5 அங்குல நீளம். அமெரிக்க மாடல் ரயில்வே சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரைப்படி (அடிப்படையாக 1 அவுன்ஸ், பிறகு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ்) அதன் எடை 106 கிராம் அளவில் வரும். இந்த எடைக்கு அந்த ஸ்பிரிங் அதிகம் அமுங்காது. பக்கச்சட்டங்கள் தனித்தனியாக ஏறி இறங்குவதுதான் உண்மையான லாபம். தண்டவாளம் லேசாக முறுக்கிக் கிடந்தாலும் நான்கு சக்கரமும் தொட்டபடி போகும். எடை அடியில் சேர்வதும் நல்லதே.

உருளும் சுகத்தில் பிளாஸ்டிக் முந்துகிறது. வழுக்கலான பிளாஸ்டிக் சட்டத்தில் கூம்பாகக் குழிந்த துளைக்குள் ஊசிமுனை உலோக அச்சு சுற்றும்போது உராய்வு மிகக் குறைவு. இருபது வண்டிகளை ஏற்றத்தில் இழுக்கும் இன்ஜினுக்கு இது பெரிய விஷயம். அதனால் ஓட்டுவதற்கு என்றால் என் ஓட்டு பிளாஸ்டிக் சட்டம், உலோகச் சக்கரம். பிளாஸ்டிக் சக்கரத்தை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், அழுக்கு அதில் சீக்கிரம் அப்பிக்கொள்ளும்.

சக்கரத்தை மாற்றும்போது அச்சின் நீளத்தைக் கவனிக்காமல் வாங்குபவர்கள்தான் அதிகம். இன்டர்மவுன்டன் சக்கரங்களின் அச்சு 1.015 அங்குலம். எல்லாச் சட்டத்துக்கும் அது பொருந்தாது. அச்சு நீளமானால் சட்டம் வெளியே விரிந்து சக்கரம் இறுகும். குட்டையானால் ஊசிமுனை துளைக்குள் ஆடி, வண்டி தாழ்ந்து தள்ளாடும். துளை பிசிறாக இருந்தால் டிரக் டியூனர் என்ற சின்னக் கருவியை உள்ளே வைத்து இரண்டு சுற்று சுற்றினால் போதும். உலோகச் சட்டத்தில் வேறு சக்கரம் போடுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: பல உலோக அச்சுகளில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும்தான் இன்சுலேஷன் உண்டு. ஒரு டிரக்கின் இரண்டு அச்சுகளையும் எதிரெதிராக மாட்டினால் சட்டம் வழியாகவே ஷார்ட் ஆகிவிடும். கேடி சக்கரங்களில் அச்சு பிளாஸ்டிக் என்பதால் இந்தக் கவலை இல்லை.

சக்கரத்தின் அகலம்: கோட் 110 சாதாரணமானது, 0.110 அங்குலம். கோட் 88 மெலிந்தது, நிஜ வண்டிக்கு நெருக்கமானது, முன்னாலிருந்து பார்க்க அற்புதம். ஆனால் பழைய பாயிண்ட்டுகளில் (தடம் பிரியும் இடங்களில்) தண்டவாளங்கள் குறுக்கிடும் ஃபிராக்கின் இடைவெளியில் அது ‘டக்’கென்று இறங்கி ஏறும். உங்கள் பாயிண்ட்டுகள் நன்றாக இருந்தால் 88 போடுங்கள், இல்லையென்றால் 110.

சக்கரத்தின் விட்டத்தை (நிஜ ரயிலின் அளவில் சொல்வது வழக்கம்) காலமும் சுமையும் முடிவு செய்யும். 1950-களின் 50 டன் பாக்ஸ் காருக்கு 33 அங்குலச் சக்கரம், பக்கத்தில் மூடி போட்ட பெட்டி தெரியும் சாதா பேரிங் டிரக். 100 டன் ஹாப்பருக்கு (அடிவழியே சரக்கைக் கொட்டும் வண்டி) 36 அங்குலமும் ரோலர் பேரிங்கும். இரும்புப் பட்டைகளை வளைத்துச் செய்த ஆர்ச் பார் டிரக் 1950-களுக்கும் முந்தைய காலத்து மர வண்டிகளுக்குரியது.

மாட்டும் முறையில் சட்டத்தின் வகையைவிட அதிக வித்தியாசம் தெரியும். டிரக்கை வண்டியோடு பிணைக்கும் 2-56 (அமெரிக்க அளவு) ஸ்க்ரூவுக்கு, வண்டியின் அடியில் 50-ஆம் எண் டிரில்லால் துளையிட்டு மரை வெட்டுங்கள். ஒரு முனை டிரக்கை இடவலமாகத் திரும்பும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள், சாயக் கூடாது. மறுமுனையை ஒரு பிடி தளர்த்தி, சாயவும் விடுங்கள். அப்போது வண்டி முக்காலிபோல மூன்று புள்ளிகளில் நிற்கும். அசையாத பிளாஸ்டிக் டிரக்குக்கும் ஸ்பிரிங் டிரக்கின் நன்மையில் பாதி இதிலேயே கிடைத்துவிடுகிறது.

அப்புறம் கப்ளர் (வண்டிகளை இணைக்கும் கொக்கி) உயரத்தை கேடியின் உயர அளவுகோலான கேஜில் பாருங்கள். தாழ்ந்திருந்தால் டிரக்குக்கு மேல் 0.010 அல்லது 0.015 அங்குல ஃபைபர் வாஷர். 33-ஐ எடுத்து 36 போட்டால் வண்டி சுமார் 0.44 மி.மீ உயரும், அப்போது வாஷரைக் கழற்ற வேண்டியிருக்கும். கூடவே, வளைவில் சக்கர விளிம்பு அடித்தளத்தில் உரசுகிறதா என்று டிரக்கை முழுதாகத் திருப்பிப் பாருங்கள். உரசினால் அந்த இடத்தைக் கொஞ்சம் அராவுங்கள், வாஷரை அடுக்கி வண்டியைத் தூக்காதீர்கள்.

கப்ளர் டிரக்கிலேயே ஒட்டி வரும் டால்கோ வகையை வாங்கவே வேண்டாம். நீண்ட ரயிலைப் பின்னோக்கித் தள்ளும்போது அது டிரக்கையே திருப்பித் தடம் புரளச் செய்யும். உங்கள் பழைய வண்டிகளில் அது இருந்தால் கப்ளரை உடலில் பொருத்திவிட்டு, அதன் பிறகு புது டிரக்கைப் பற்றி யோசியுங்கள்.