மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் கடன் தீருமா? ஐ.பி. மனு: ஒரு மதிப்புரை

"மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டாராம்" என்றால் ஊரில் ஒரே அர்த்தம்தான்: ஆள் கையை விரித்துவிட்டார், கொடுத்த பணம் போனது போனதுதான். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கடன் கொடுத்தவர் கைக்கு வரும் அந்த நோட்டீஸில் இருப்பது, இன்னார் திவால் மனு போட்டிருக்கிறார், விசாரணை இந்தத் தேதியில் என்ற தகவல் மட்டுமே. அன்றைக்கு ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி ஆவதில்லை. இந்தக் குழப்பத்தில் பாதி வழியில் நின்றுபோகிறவர்கள் நிறைய என்பதால், ஐ.பி.யை (இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது திவால் மனு) ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு, என்ன தருகிறது, எங்கே காலை வாருகிறது என்று பார்க்கலாம்.

முதலில் எந்தச் சட்டம் என்பது. 2016-இல் வந்த திவால் சட்டத்தில் தனிநபருக்கும் ஒரு பகுதி உண்டு. சிறு கடனாளிகளுக்கென ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், தகுதியுள்ள கடன் 35,000 ரூபாய்க்கும் மேற்போகாதவர்களுக்குப் ‘புதிய தொடக்கம்’ என்று ஓர் ஏற்பாடும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. காகிதத்தில் அழகுதான். ஆனால் 2019 டிசம்பர் 1 முதல் அந்தப் பகுதி நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே அமலாக்கப்பட்டது. சாதாரணக் கடனாளிக்கு மிச்சமிருப்பவை வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்களே: சென்னை நகருக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், உயர் நீதிமன்றம், மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம், பெரும்பாலும் சார்பு நீதிமன்றம். கீழே சொல்வதெல்லாம் 1920 சட்டத்தைப் பற்றியது.

உள்ளே நுழைவது சுலபம். கடனைத் தீர்க்க முடியாத நிலை இருக்க வேண்டும்; கூடவே மொத்தக் கடன் 500 ரூபாய் இருந்தாலே போதும். (நூறு வருஷத்துக்கு முந்தைய ஐந்நூறு என்பதை மறக்க வேண்டாம்.) வசிக்கும் இடம் அல்லது தொழில் நடத்தும் இடம் எந்த நீதிமன்ற எல்லையில் வருகிறதோ அங்கே மனு. அதில் யார் யாருக்கு எவ்வளவு, அவர்கள் முகவரி, உங்கள் சொத்து என்னென்ன, அதன் மதிப்பு, எங்கே இருக்கிறது என்பது ஒன்றுவிடாமல் வர வேண்டும். கைமாற்று வாங்கியது, சீட்டு எடுத்த பாக்கி, நகைக்கடன் எல்லாம் சேர்த்துத்தான். வேண்டியவர் பெயரை மரியாதைக்காக விட்டுவிடுவதும், ஒரு மனையை மறந்ததுபோல் மறைப்பதும் ஆபத்து. மறைத்தது நிரூபணமானால் ஓராண்டு வரை சிறை.

மனு போட்டதுமே வழக்குகள் நின்றுவிடும் என்று நம்புவது அடுத்த ஏமாற்றம். நீதிமன்றம் விசாரித்து ‘நொடித்தவர்’ (திவாலானவர்) என்று ஆணையிட்ட பிறகுதான், அதன் அனுமதி இல்லாமல் கடன் கொடுத்தவர் புதிதாக வழக்குப் போட முடியாது. கைதுக்கு எதிரான பாதுகாப்பு தானாக வராது. அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆணை வந்த அன்றே சொத்து உங்களிடமிருந்து நீதிமன்றத்துக்கோ, சொத்தைப் பொறுப்பேற்க அது நியமிக்கும் ரிசீவருக்கோ போய்விடும். கடனிலிருந்து விடுவிப்பு கிடைப்பதற்குள் வந்து சேரும் சொத்தும் அப்படியே. உடுதுணி, சமையல் பாத்திரம், தொழில் செய்கிறவரின் கருவிகள், பி.எஃப். பணம், மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத ஆபரணம் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாய் போக, மீதியில் மூன்றில் ஒரு பங்கில்தான் கைவைக்க முடியும். கடன் கொடுத்தவர் மீதான தடை அடமானம் வைத்த வீட்டுக்கு மட்டும் பொருந்தாது. வங்கி அதைத் தன் வழியில் ஏலம் விடலாம், ஐ.பி. தடுக்காது.

இதில் அதிகம் பேர் சறுக்கும் இடம் மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருஷம். மனைவி பேருக்கு வீட்டைச் செட்டில்மென்ட் எழுதி வைத்துவிட்டு, ஒரு வருஷம் கழித்து ஐ.பி. போடுவார்கள். எழுதிக் கொடுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்ட மனுவில் நொடித்தவர் ஆணை வந்தால், ரிசீவர் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நல்லெண்ணத்தோடு உரிய விலை கொடுத்து வாங்கியவருக்கு மட்டும் பயமில்லை. அதேபோல், மூழ்கப்போவது தெரிந்து, மற்றவர்களை விட்டுவிட்டு மச்சானுக்கு மட்டும் முழுசாக அடைத்தால், மூன்று மாதத்துக்குள் மனு வந்தால் அதுவும் செல்லாது. வீடும் நிற்காது, மச்சானிடமிருந்து பணத்தையும் பிடுங்குவார்கள், போதாக்குறைக்கு விடுவிப்புக் கேட்கும்போது இதுவே எதிராக நிற்கும்.

விடுவிப்புதான் இந்தச் சேவையின் உயிர். கடன் ஒழிவது நொடித்தவர் ஆணையால் அல்ல, விடுவிப்பு ஆணையால். முதல் ஆணையிலேயே எத்தனை மாதத்துக்குள் விடுவிப்புக்கு மனுச் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் கெடு வைத்திருக்கும். நொடித்தவர் என்று ஆணை வந்ததும் ‘வேலை முடிந்தது’ என்று கேஸ் கட்டை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அந்தத் தேதியைக் கோட்டை விடுகிறார்கள். கெடு தாண்டினால் ஆணையே ரத்தாகலாம். பழைய கடன் அத்தனையும் உயிரோடு எழுந்துவரும். நீதிமன்ற அனுமதியில்லாமல் மறுபடி ஐ.பி. போடவும் முடியாது. வக்கீலிடம் கட்டணம் பேசும்போதே விடுவிப்பு வரைக்கும் சேர்த்துப் பேசிக்கொள்வது நல்லது. மனு தாக்கல் வரைக்கும் மட்டும் ஒப்புக்கொள்கிறவரிடம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

கேட்டவுடன் முழு விடுவிப்பு கிடைத்துவிடாது. சொத்து மதிப்பு, கடனில் ரூபாய்க்கு எட்டணா, அதாவது பாதிகூடத் தேறாமல் போனதற்கு உங்கள் தவறே காரணம் என்றாலோ, முந்தைய மூன்று வருஷத்துக்கு ஒழுங்கான கணக்குப் புத்தகம் இல்லையென்றாலோ, நொடித்தது தெரிந்தும் வியாபாரத்தைத் தொடர்ந்திருந்தாலோ நீதிமன்றம் மறுக்கும், அல்லது நிபந்தனை வைக்கும். துண்டுச் சீட்டில் கணக்கு வைத்து வியாபாரம் செய்தவர்களுக்கு இதுதான் பெரிய முட்டுக்கட்டை. விடுவிப்பு வரும்வரை, தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம்.

கிடைத்தாலும் எல்லாம் கழியாது. அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி, மோசடியால் வந்த கடன், ஜீவனாம்சம் ஆகியவை நிற்கும். செக் பவுன்ஸ் குற்றவியல் வழக்கு, ஐ.பி. போட்ட காரணத்தால் மட்டும் அது ஓயாது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவரும் தப்ப மாட்டார். கடன் கொடுத்தவர் நேராக அவர் வீட்டு வாசலுக்குப் போவார். நண்பரோ தம்பியோ ஜாமீன் நின்றிருந்தால், மனுவுக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுவதுதான் முறை.

யாருக்கு இது பொருந்தும்? பெரிய சொத்தில்லாத, பல பேரிடம் கடன்பட்ட, கணக்கு காட்டக்கூடிய, ஜாமீன்தாரர் இல்லாத ஆளுக்குத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் என இரண்டு மூன்று வங்கிக் கடன் மட்டும் என்றால் ஒரே தவணைத் தீர்வு பேசுவதே மேல். அதில் உங்கள் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் ‘செட்டில்டு’ என்று விழும், அது வருஷக்கணக்கில் உறுத்தும். ஆனாலும் நீதிமன்றப் படி ஏறவேண்டியதில்லை. பேசி முடித்ததை வங்கியின் கடிதத்தில் வாங்காமல் பணம் கட்டக் கூடாது.

எந்த வழியில் வெளியே வந்தாலும், சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கிலும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் முழு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். முடிந்த கடன் பாக்கியாகவே நின்றால் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்க உரிமை உண்டு.