கார்டில் என் பெயர், கணக்கில் கடைக்காரர் பெயர்

திருவாரூர்ப் பக்கம் தவில் வாசிக்கிறவன் நான். விரல்களில் கூடு மாட்டிவிட்டால் போனை எடுக்க முடியாது. ஆனால் முகூர்த்தம் பேச வருகிறவர்கள் சரியாக அப்போதுதான் கூப்பிடுவார்கள்.

சில வருடம் முன்னால் சிங்கப்பூர்க் கோயில் ஒன்றில் நாலு மாதம் வாசித்துவிட்டுத் திரும்பினால், என் ப்ரீபெய்டு நம்பர் போயே போச்சு. 90 நாள் பயன்படுத்தாமல், பேலன்ஸில் 20 ரூபாயும் இல்லாமல் கிடந்தால் நம்பரை ரத்து செய்துவிடுவார்களாம். அந்த நம்பர் போட்ட பழைய விசிட்டிங் கார்டு எல்லாம் வீண்.

அக்கா மகன் ஒரு யோசனை சொன்னான். "மாமா, கார்டில் நம்பரே போடாதீங்க. உங்க பேர்ல ஒரு டாட் காம் இணைய முகவரி வாங்கி அதைப் போடுங்க. நம்பர் மாறினா அந்தப் பக்கத்துல மாத்திட்டா போதும்." இன்றைக்கும் அது நல்ல யோசனை என்றுதான் சொல்வேன். நான் ஏமாந்தது வேறு இடத்தில்.

டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் 4,000 ரூபாய் கொடுத்தேன். இரண்டே நாளில் பக்கம் வந்துவிட்டது. என் நம்பர், மைத்துனர் நம்பர், வீட்டு விலாசம், தவிலோடு ஒரு போட்டோ. 500 கார்டு அடித்தேன். தவில் உறையிலும் பெயிண்டரை வைத்து அந்த முகவரியை எழுதிக்கொண்டேன். கொஞ்சம் பெருமைதான்.

கடைக்காரர் அந்த டாட் காம் பெயரை, அதை விற்கிற கம்பெனியில் தன் கணக்கில், தன் ஈமெயிலைக் கொடுத்துப் பதிவு செய்திருந்தார். எனக்கு அது தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. மைத்துனர் நம்பரை மாற்றச் சொன்னபோது 1,500 ரூபாய் வாங்கினார். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

போன ஆடி முதல் வாரத்தில், யாரும் புதுப்பிக்காமல், பதிவு காலாவதி. முடிவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் விற்ற கம்பெனி நினைவூட்டல் அனுப்பியாக வேண்டும். அனுப்பியும் இருப்பார்கள், அவர் ஈமெயிலுக்கு. ஆடியில் கல்யாணம் ஏது? கார்டை யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஆவணி முதல் வாரத்தில் வலங்கைமானிலிருந்து ஒருவர் மைத்துனர் மூலமாக விசாரித்தார்: "தவில்காரர் தொழிலை விட்டுட்டாரா? பக்கத்தைத் திறந்தா ஏதோ விளம்பரம் வருதே?"

கம்பெனிக்குப் போன் போட்டேன். காலாவதியான டாட் காம் பெயரைக் கம்பெனி 45 நாள் வரை கையில் வைத்திருக்கலாம். நீக்கிய பிறகும் 30 நாள் மீட்பு அவகாசம் உண்டு, ஆனால் அதற்குத் தண்டம் மாதிரி ஒரு கட்டணம். கட்டிவிடுகிறேன் என்றேன். "கணக்கு உங்கள் பெயரில் இல்லையே" என்றார்கள். நியாயம்தான்.

கடைக்காரரைத் தேடிப் போனேன். முதலில் "நாளைக்குப் பார்க்கலாம்", அப்புறம் "ஓடிபி வரலை", அப்புறம் "15,000 ஆகும், அண்ணே". பேரம் பேசி 10,000 கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மறுபடியும் "நாளைக்கு". மீட்பு அவகாசம் முடிந்து, அதற்கு மேல் ஐந்து நாளில், யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று பெயர் பொதுவுக்கு வந்துவிட்டது. ஐப்பசி முகூர்த்தத்தில் யாரோ கார்டைப் பார்த்துத் திறந்தால் ஆன்லைன் ரம்மி. பணம் இன்னும் திரும்பவில்லை.

இப்போது வேறு பெயர், என் ஈமெயில், என் கணக்கு. வருடத்துக்கு ஆயிரம் சொச்சம்தான் ஆகிறது. வாங்குகிறவர்கள் பில்லை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். லாகின் உங்கள் கையில் இருக்கிறதா, பாஸ்வேர்டை மாற்ற முடிகிறதா என்று கடையிலேயே உட்கார்ந்து பாருங்கள். இணையப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகேன் அமைப்பின் 'லுக்அப்' தேடல் பக்கத்தில் தேடினால் முடியும் தேதி தெரியும், உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைத்தே இருக்கும். அதை நம்பி விட்டுவிட முடியாது.

தவில் உறையில் பழைய முகவரி மேல் வெள்ளை பெயிண்ட் அடித்தாயிற்று. கார்டுகள்தான் திருவாரூர், மன்னார்குடி, கும்பகோணம் என்று ஊர் ஊராகக் கிடக்கின்றன. உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். அதில் வருகிறவன் நான் இல்லை.